பாலைவனத்துப் பனியும் "பேச்சிலர்"களும்

1

துபாயில் மால் ஆஃப் தி எமிரேட்ஸ் என்றொரு கடைவளாகம். 2005-இல் திறந்தார்கள். அதற்குள்ளே ஒரு பனிமலை இருக்கிறது. 85 மீட்டர் உயரம். சறுக்கி விளையாட 400 மீட்டர் சரிவு. எல்லாம் நிஜப் பனி. வெளியே கோடையில் 45 டிகிரி கொளுத்தும்போது உள்ளே பூச்சியத்துக்கும் கீழே. ராத்திரி சனங்கள் போன பிறகு குளிரை இன்னும் இறக்கி, புதுப் பனி செய்து கொட்டுவார்கள். 2012-இல் பென்குயின்களையும் கொண்டுவந்து விட்டார்கள். கொஞ்ச தூரத்தில் துபாய் மால். இது 2008-இல் திறந்தது. 1,200-க்கு மேல் கடைகள், ஒரு கோடி லிட்டர் தண்ணீர் பிடிக்கிற மீன்தொட்டி. ஆறு கிடையாது, மழையும் பேருக்குத்தான். குடிக்கிற தண்ணீர் அநேகமாக எல்லாமே கடல் தண்ணீர். ஜெபல் அலியில் எரிவாயுவை எரித்துக் காய்ச்சியும் வடிகட்டியும் உப்பைப் பிரித்து அனுப்புகிறார்கள்.

ஹோட்டல்களில் "பிரஞ்ச்" என்று ஒரு விருந்து நடக்கும். காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கி, மதுவோடு சேர்த்து, மூணு நாலு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுவது. முன்னே வெள்ளிக்கிழமை நடந்தது. 2022 சனவரியில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதும் பிரஞ்சும் பெரும்பாலும் சனிக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. தலைக்குப் பல நூறு திர்ஹாம். ராத்திரியானால் கடற்கரை பார், ஹோட்டல் மாடியில் நடனக் கூடம். பக்கத்து ஷார்ஜாவில் ஒரு சொட்டு மது கிடையாது. இங்கே 2023 சனவரியில் மது மீதான 30 சதவீத வரியையே தூக்கினார்கள், 2025 சனவரியில் திரும்பப் போட்டார்கள். மதமோ ஒழுக்கமோ அல்ல, சுற்றுலாக் கணக்குதான் இதையெல்லாம் தீர்மானிக்கிறது.

இந்த நகரத்தைப் பற்றி இரண்டு வகையான புலம்பல்கள் உண்டு. ஒன்று, பண்பாட்டுக் காவலர்களுடையது. "மேற்கத்தியச் சீரழிவு, குடி, கூத்து, கீழைத்தேயத்தின் மானம் போச்சு." இன்னொன்று மேற்கத்திய அறிவாளிகளுடையது. "எல்லாம் போலி, வரலாறு இல்லாத ஊர், அசலில்லாத நகல்." பார்க்க எதிரெதிராகத் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. இன்பம் எந்த ஊர்ச் சரக்கு என்பதைப் பற்றித்தான் இரண்டுக்கும் கவலை. அந்த இன்பத்தைச் சமைத்தவன் யார், பரிமாறினவன் யார், மேசைக்குக் கீழே குனிந்து துடைத்தவள் யார் என்ற கேள்வி இரண்டு பேர் வாயிலும் வராது.

இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான். பாலைவனத்தில் பனியில் சறுக்குவது தப்பா? தப்பு என்றால் அந்தத் தப்பு எங்கே இருக்கிறது? பனியிலா, சறுக்குவதிலா, வேறெங்காவதா?

2

முதலில் எளிமைக்காரர்களுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் வந்து எளிமையைப் போதிக்கிறவர்கள் ஒருபோதும் குறைந்ததில்லை. நுகர்வு மோகம் ஆபத்து, ஆடம்பரம் அழிவு, இருப்பதைக் கொண்டு நிறைவாக வாழ் என்பார்கள். சொல்கிறவன் யாரென்று பாருங்கள். வைத்திருந்து வேண்டாமென்று சொல்வது துறவு. வைத்துக்கொள்ளவே கூடாதென்று விதிக்கப்பட்டவனிடம் போய் வேண்டாமென்று சொல்லச் சொல்வது துறவல்ல, தடை. அம்பேத்கர் கோட்டும் சூட்டும் போட்டார். அந்த உடுப்பை அரை வேட்டிக்காரர்களின் எளிமையோடு ஒப்பிட்டு எவ்வளவு கேலி! செருப்புப் போடாதே, குடை பிடிக்காதே, முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்காதே, உலோகப் பாத்திரம் புழங்காதே என்று காலம் காலமாகச் சொல்லப்பட்ட சனங்களுக்கு ஒரு நல்ல சட்டை என்பது வெறும் சட்டை இல்லை.

இதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் கொடியங்குளம். படித்தவர்களும், அரசாங்க வேலைக்காரர்களும், வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்தவர்களும் இருந்த தலித் கிராமம். 1995 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நூற்றுக்கணக்கான போலீசார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஆளை அடித்ததோடு நிற்கவில்லை. டி.வி.யை உடைத்தார்கள், மின்விசிறியை உடைத்தார்கள், தையல் மிஷினை, டேப் ரெக்கார்டரை, மோட்டார் சைக்கிளை நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கிழித்துப் போட்டார்கள். கிணற்றில் விஷம் கலந்தார்கள். 

கொஞ்சம் யோசியுங்கள். பொருள் என்பது வெறும் மாயை, நுகர்வு என்பது வெறும் மயக்கம் என்றால், ஒரு டேப் ரெக்கார்டர் மேல் லத்திக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்? அந்தப் பொருள் என்ன சொல்கிறது என்று தத்துவக்காரர்களைவிட அடித்தவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. "இவன் வீட்டுல இதெல்லாம் எப்படிடா வந்துச்சு" என்பதுதான் அந்த லத்தி பேசிய பேச்சு. 1981-இல் மீனாட்சிபுரத்தில் சனங்கள் மதம் மாறியபோதும் இதே பேச்சுத்தான். தீண்டாமையால் மாறினார்கள் என்று ஒத்துக்கொள்ள மனசு வராமல், "வளைகுடாப் பணம் விளையாடுது" என்று எழுதித் தள்ளினார்கள்.

ஆகவே பாலைவன நகரத்துக் கடைத்தெருவைப் பார்த்து "சீரழிவு" என்று முகம் சுளிக்கிற கூட்டத்தோடு நாம் போய் நிற்க முடியாது. வெளிச்சம், வாசனை, குளிர்ந்த காற்று, நல்ல சாப்பாடு, ராத்திரி பாட்டும் ஆட்டமும் எல்லாமே மனுசனுக்கு வேண்டியவைதான். இன்பத்தில் குற்றமில்லை. அது மேற்கிலிருந்து வந்தது என்பதிலும் குற்றமில்லை. தண்ணீர்க்குழாயும் ரயிலும் கூட அங்கிருந்து வந்தவைதான்.

3

அடுத்த கேள்வி கொஞ்சம் கஷ்டமானது. "அங்க யாரும் நீ யாருன்னு கேக்கமாட்டான். காசு இருக்கா, உள்ள வா. அவ்வளவுதான்." வளைகுடாவுக்குப் போய்த் திரும்புகிற சேரிப் பையன்களிடம் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் கம்மி. இதைப் புரட்சிக்காரத் தோழர்கள் "முதலாளியப் பிரமை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். அவ்வளவு சுலபமாகத் தள்ளக்கூடாது.

1917-இல் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்துக்குப் போனார். அமெரிக்காவில் படித்தவர், சம்பளக்காரர். தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கி, தெரிந்ததும் தடிக்காரர்கள் வந்து துரத்தினார்கள். பையில் காசிருந்தும் கதவு திறக்கவில்லை. அந்தச் சம்பவமெல்லாம் அடங்கிய அவருடைய அனுபவக் குறிப்புகள் "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்ற தலைப்பில் வந்திருக்கின்றன. சொந்த நாட்டுக்குள்ளே நடமாட விசா வேண்டியிருந்தவருடைய எழுத்து அது.

அந்த அனுபவத்தோடு பார்த்தால், காசு மட்டும் கேட்கிற கதவு ஒரு முன்னேற்றம்தான். பிறப்பு மாறாது, காசு மாறும். தேராவிலோ கராமாவிலோ ஒரு டீக்கடையில் ஒரே மாதிரி கிளாசில் எல்லோரும் டீ குடிக்கிறார்கள். தனி கிளாஸ் கிடையாது. குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுகிறார்கள். இரட்டை டம்ளர் ஊரிலிருந்து போனவனுக்கு இது சின்ன விசயமில்லை. லேபர் கேம்ப் அறையிலும் "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு" என்று விசாரிக்கிற தமிழன் இருக்கத்தான் செய்கிறான். ஆனால் அவன் விசாரிப்புக்கு அங்கே அதிகாரம் கிடையாது. மேஸ்திரிக்கு அது தேவையில்லை. வேலைதான் வேண்டும்.

சரி, அப்படியானால் துபாய் மால்தான் சமத்துவபுரமா?

மகாடு குளத்தை நினைத்துக்கொள்வோம். 1923-இல் பம்பாய் சட்டசபை, பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்திருந்தது. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான சனங்களும் நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் குடிக்க முடியவில்லை. "யாரும் வரலாம்" என்று எழுதி வைப்பதும், யாரும் வர முடிவதும் ஒன்றல்ல. அந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாலின் வாசலுக்குப் போவோம்.

4

மாலின் முன்வாசலில் கதவு கிடையாது என்று சொல்லலாம். கண்ணாடி தானாக விலகும். ஆனால் கதவுகள் வாசலில் மட்டுமா இருக்கின்றன?

முதல் கதவு சம்பளம். 2006-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் அமீரகத்துக் கட்டிடத் தொழிலாளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. மாதச் சம்பளம் 106 முதல் 250 டாலர் வரை என்று அதில் கண்டிருக்கிறது. ஒரு பிரஞ்ச் விருந்துக்கு ஒரு ஆள் கொடுக்கிற காசில் அந்தத் தொழிலாளியின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அங்கே பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. சங்கம் வைக்க அனுமதி இல்லை. வேலைநிறுத்தம் சட்டப்படி குற்றம். 

இரண்டாவது கதவு தூரம். கூலிக்காரர்களின் முகாம்கள் அல் கூஸ், ஜெபல் அலி, முஹைஸ்னா என்று ஓரங்களில் இருக்கின்றன. முஹைஸ்னாவில் இருப்பதைச் சனங்கள் சோனாப்பூர் என்கிறார்கள். இந்தியில் தங்க ஊர் என்று அர்த்தம். பேர் வைத்தவனுக்கு நக்கல் அதிகம். வெளிநாட்டில் இறந்தவன் உடம்பைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்புகிற இடமும் அந்தப் பக்கம்தான். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகும், இருட்டின பிறகு கொண்டுவந்து கொட்டும். 2009 செப்டம்பர் 9-இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதிலும் "கோல்டு" வகுப்பு என்று தனிப் பெட்டிப் பகுதி வைத்திருக்கிறார்கள். 

மூன்றாவது கதவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது ஒரு சொல். "பேச்சிலர்." ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிற நாற்பது வயசு கொத்தனார் அங்கே பேச்சிலர். குடும்பத்தைக் கூட்டி வர வேண்டுமானால் மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் வீடும் வேண்டும். கட்டிடத் தொழிலாளியின் சம்பளம் அந்தக் கோட்டுக்கு வெகு கீழே. ஆக, குடும்பம் நடத்த வழியில்லாமல் செய்துவிட்டு, குடும்பம் இல்லாதவன் என்று பேரும் வைத்தாகிவிட்டது. பிறகு அந்தப் பேரையே காரணமாகக் காட்டலாம். "பேச்சிலர்கள் பெண்களை முறைக்கிறார்கள்", "பேச்சிலர்கள் அழுக்கு", "குடும்பங்கள் இருக்கிற இடத்தில் பேச்சிலர்கள் வேண்டாம்." 2008-இல் துபாய் நகராட்சி ஒரு வில்லாவுக்கு ஒரு குடும்பம்தான் என்று நடவடிக்கை எடுத்து, கூட்டமாக வாடகைக்கு இருந்தவர்களைக் குடியிருப்புப் பகுதிகளிலிருந்து காலி செய்ய வைத்தது. பூங்காக்களிலும் பொழுதுபோக்கு இடங்களிலும் குடும்பங்களுக்கு மட்டும் என்று நாள் ஒதுக்குகிற வழக்கமும் உண்டு.

இந்த வித்தை நமக்குப் புதுசா? தண்ணீர் எடுக்க விடாமல் வைத்துவிட்டு "அழுக்கன்" என்பது, படிக்க விடாமல் வைத்துவிட்டு "தற்குறி" என்பது எல்லாம் இதே இலக்கணம்தான். முதலில் நிலைமையை உண்டாக்குவது, பிறகு அந்த நிலைமையை அவனுடைய குணமாக்குவது, அதற்கப்புறம் அந்தக் குணத்தைச் சொல்லி வெளியே தள்ளுவது.

அதற்காகப் பேச்சிலர் என்பதும் ஒரு சாதிதான் என்று நான் அவசரப்பட்டுச் சொல்லமாட்டேன். சாதி பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். பேச்சிலர் பட்டம் விமானம் ஏறினால் உதிர்ந்துபோகும். இரண்டையும் ஒன்றென்று சொன்னால் சாதியின் கொடுமை மங்கிவிடும். ஆனால் வாசலை அடைக்கிற வித்தை ஒன்றுதான். பிறப்பைக் கேட்காத நகரம் பாஸ்போர்ட்டைக் கேட்கிறது. ஒரே வேலைக்கு ஒரு நாட்டுக்காரனுக்கு ஒரு சம்பளம், இன்னொரு நாட்டுக்காரனுக்கு வேறு சம்பளம் என்பது அங்கே எல்லோரும் அறிந்த சங்கதி. எந்த நாட்டில் பிறந்தாய் என்பதும் பிறப்புத்தானே தோழர்களே!

5

இந்த இடத்தில் நியாயமான மறுப்புகள் வரும். அவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஒன்று: "அவனை யாரும் கட்டி இழுத்துக்கிட்டுப் போகல. அவனாத்தான் கையெழுத்துப் போட்டுப் போனான்." உண்மைதான், அவனாகத்தான் போனான். ஆனால் எதை விட்டுப் போனான், எதை வாங்கிக்கொண்டு போனான்? ஏஜெண்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, கடனோடு விமானம் ஏறுகிறான். முதல் வருஷச் சம்பளம் கடனுக்கே போகிறது. இந்தக் கடன் அந்த மண்ணுக்கும் புதுசில்லை. எண்ணெய் வருவதற்கு முன் அந்தக் கடற்கரையின் தொழில் முத்துக்குளிப்பு. முங்குகிறவன் பருவம் தொடங்கும்போது கப்பல் தலைவனிடம் முன்பணம் வாங்குவான். கணக்கு தீரவே தீராது, அடுத்த பருவமும் அவனுக்கே முங்க வேண்டும். அடிமைகளும் முங்கினார்கள். 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து அந்தத் தொழிலைச் சாய்த்தன. 1966-இல் துபாயில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். முத்துக்குளிப்பவன் போனான், கொத்தனார் வந்தான். கடன் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. கடனில் மாட்டினவனின் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால், நம்ம ஊர்ப் பண்ணையாள் முறையும் சம்மதத்தால் நடந்ததுதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும்.

இரண்டு: "எந்த ஊர்ல ஐந்து நட்சத்திர ஹோட்டல் சமையக்காரன் அங்கேயே உக்காந்து சாப்பிட்டான்? சென்னையில மட்டும் நடக்குதா?" நடக்கவில்லை. சென்னைக்கும் இந்தக் கேள்வி உண்டு, லண்டனுக்கும் உண்டு. ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. சென்னைச் சமையல்காரன் சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெரினாவுக்குப் போகலாம், சங்கம் வைக்கலாம், ஓட்டுப் போடலாம், கோபம் வந்தால் தெருவில் உட்காரலாம். துபாயில் பத்தில் ஒன்பது பேர் குடிமக்கள் அல்ல. வேலை போனால் விசா போகும், விசா போனால் ஊரே போகும். 2022 மே மாதத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற மோட்டார் சைக்கிள் பையன்கள் கூலிக்காக அங்கே வண்டியை நிறுத்தினார்கள். சாப்பிடுகிறவன் வீட்டு வாசலுக்கு விருந்தைக் கொண்டுபோகிறவன், தன் கூலியைக் கேட்பதே அங்கே சட்டமீறல்.

மூன்று: "நிலைமை மாறிக்கிட்டுத்தான் வருது." ஆமாம், மாறியிருக்கிறது. 2005-இலிருந்து கோடையில் உச்சி வெயில் நேரத்து வேலைக்குத் தடை வந்தது. இப்போது சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-இலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. 2009-இல் சம்பளத்தை வங்கி மூலம் போடும் முறை வந்தது. வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கென்று 2017-இல் ஒரு சட்டம் வந்தது. இவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் இவை சும்மா வந்தவையும் அல்ல. 2006 மார்ச்சில், இன்றைக்கு புர்ஜ் கலீஃபா என்று பேர் பெற்ற கோபுரத்தின் கட்டுமான இடத்தில், வேலை முடிந்தும் பஸ் வராத கோபத்தில் தொடங்கி ஏறத்தாழ 2,500 தொழிலாளிகள் கார்களையும் அலுவலகக் கணினிகளையும் அடித்து நொறுக்கினார்கள். அந்தக் கோபுரம் 828 மீட்டர் எழுந்து 2010 சனவரி 4-இல் திறப்பு விழா கண்டது. அன்றைக்கு அரசர் பெயரைச் சூட்டினார்கள். கட்டினவன் பெயரைச் சூட்டுகிற வழக்கம் தஞ்சாவூரிலும் இல்லை, துபாயிலும் இல்லை.

6

ராத்திரி வாழ்க்கையைப் பேசாமல் முடிக்க முடியாது. பர் துபாய், தேரா பக்கத்து நடுத்தர ஹோட்டல்களில் மொழிவாரியாக பார்கள் உண்டு. தமிழ் பார், மலையாள பார், இந்தி பார். கடற்கரை நடனக் கூடத்துக்குப் போக முடியாத நம்ம ஆட்கள் மாசத்தில் ஒரு ராத்திரி அங்கே போகிறார்கள். ஊர்ப் பாட்டு, கொஞ்சம் குடி, மேடையில் பெண்கள். மேற்கத்திய ராத்திரியின் கூலிக்காரப் பதிப்பு என்று சொல்லலாம். இதில் குடிக்கிறவன் மேல் எனக்குக் கோபமில்லை. தனிமை கொல்லும்போது பாட்டு வேண்டும். ஆனால் அந்த மேடையில் நிற்கிறவளைக் கேட்க வேண்டும். 2019-இல் கோயம்புத்தூரிலிருந்து வேறு வேலை என்று நம்பிப் போய் நடன பாரில் மாட்டிக்கொண்ட நான்கு பெண்களை, இந்தியத் தூதரகத்தின் முயற்சியில் துபாய் போலீஸ் மீட்ட செய்தி வந்தது. வெளியே வராத செய்திகள் எத்தனையோ. பேச்சிலர் என்று வெளியே தள்ளப்பட்டவன் காசு கொடுத்து உட்காருகிற ஒரே மேசைக்கு முன்னால், அவனையும்விடக் கீழே ஒருத்தி நிறுத்தப்படுகிறாள். அடுக்கடுக்கான ஏற்றத்தாழ்வு என்று அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்னாரே, அதன் சூட்சுமம் இதுதான். ஒவ்வொருத்தனுக்கும் மிதிக்க ஒரு படி கீழே விட்டுவைத்தால், மேலே இருக்கிற படியை ஒருத்தனும் கேட்கமாட்டான். ஆண் தொழிலாளியின் துயரத்தை மட்டும் பாடிவிட்டு அந்தப் பெண்ணை "ராத்திரிச் சீரழிவு" கணக்கில் எழுதிவிட்டால், நாமும் படி கட்டுகிற மேஸ்திரிதான்.

இந்த நகரத்து விருந்துக் கூடத்தில் இன்னொரு காட்சி சாதாரணம். குடும்பம் ஒரு மேசையில் சாப்பிடும். வீட்டு வேலைக்காரப் பெண் பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவள் முன்னால் தட்டு இருக்காது. உள்ளே அவளை யாரும் தடுக்கவில்லை. குளிர்ந்த காற்று அவளுக்கும் படுகிறது. ஆனாலும் அவள் அங்கே வரவில்லை, கொண்டுவரப்பட்டிருக்கிறாள். நுழைவது வேறு, பந்தியில் உட்காருவது வேறு. கோயில் நுழைவுக்கும் சமபந்திக்கும் நடுவில் இருக்கிற தூரம் அது.

ஆகவே இன்பத்தின் ஒழுக்கத்துக்கு நான் வைக்கிற உரைகல் இவ்வளவுதான். இது மேற்கத்தியதா, கீழைத்தேயமா என்று கேட்காதே. அசலா, நகலா என்றும் கேட்காதே. அந்தப் பனியைச் செய்கிறவன் தன் லீவு நாளில், தன் மனைவி பிள்ளைகளோடு, தன் சொந்தக் கூலியில், யாரும் ஏற இறங்கப் பார்க்காமல், அந்தப் பனியில் சறுக்க முடியுமா என்று கேள். முடியும் என்றால் அது கொண்டாட்டம். பாலைவனமானால் என்ன, பனியானால் என்ன, சந்தோசமாகச் சறுக்கலாம். முடியாது என்றால், அங்கே விற்பனைக்கு இருப்பது பனி அல்ல, வெளியே நிற்கிறவனைவிட நான் மேலே என்கிற நினைப்பு. அந்தச் சரக்கு நமக்கு நல்லாத் தெரியும். நம்ம ஊர் அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் காசில்லாமலே விற்றார்கள்.

இதனால் மாலை மூடு என்றோ, சரக்கை எரி என்றோ சொல்லவில்லை. மூடினால் முதலில் பட்டினி கிடக்கப்போகிறவன் சோனாப்பூரில் படுத்திருக்கிறவன்தான், அவனை நம்பி ஊரில் கடன் வாங்கியிருக்கிற குடும்பம்தான். கேட்க வேண்டியது கூலி, சங்கம், பாஸ்போர்ட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிற உரிமை, குடும்பத்தோடு வாழ்கிற உரிமை. இந்த நாலும் வந்தால் அந்த மேசை தானாக நீளும். ஷாப்பிங் திருவிழாவுக்கு இங்கிருந்து விமானம் ஏறுகிற நம்ம படித்த, உத்தியோகம் பார்க்கிற சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. போங்கள், சுற்றுங்கள், வாங்குங்கள். போக வேண்டாமென்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. ஆனால் அங்கே தட்டைக் கொண்டுவந்து வைக்கிற சப்ளையர் தமிழில் "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டால், இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அவன் கேட்பது உங்கள் தெருவை அல்ல.